கம்பெனி மூழ்கும் நாளில் பாட்டு யாருடையது?

லண்டன் பாரிஸ்டர்கள் தங்கள் பெயருக்குக் கீழே எந்தெந்தத் துறைகளில் வாதாடுகிறோம் என்று குறிப்பிடுவது வழக்கம். அந்தப் பட்டியல்களில் வணிகம், திவால், பொழுதுபோக்கு என்ற மூன்றும் ஒரே பெயருக்குக் கீழே வருவதைப் பார்க்கும் வெளியாளுக்கு வியப்பாகத்தான் இருக்கும். வங்கிக் கடன், சரக்கு ஒப்பந்தம், பங்குதாரர் சண்டை ஒரு பக்கம். இழுத்து மூடிய கம்பெனியின் மிச்சசொச்சத்தைப் பங்கு போடுவது இன்னொரு பக்கம். பாடகர், இசைக்குழு, தயாரிப்பாளர் என்று வெளிச்சத்தில் நிற்பவர்களின் வழக்குகள் வேறொரு பக்கம். பிழைப்புக்காக ஒருவர் மூன்று கடை விரித்திருக்கிறார் என்றே தோன்றும். அப்படி இல்லை. ஒரு கலைஞர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வணிகம்; அந்த ஒப்பந்தத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று தெரியவருவது எதிர்த்தரப்பு திவாலாகும் நாளில். கலைஞர்களும் அவர்களுக்காகப் பேரம் பேசுபவர்களும் எத்தனை விழுக்காடு ராயல்டி என்பதிலேயே கண்ணாக இருக்கிறார்கள். பணம் தர வேண்டிய கம்பெனி மூழ்கும்போது உரிமை யார் கையில் இருக்கும் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. இங்கிலாந்தின் நூறாண்டு வழக்குகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனாலும் அந்த நாட்டுச் சட்டம், கலைஞருக்கு ஒருகாலத்தில் கொடுத்திருந்த ஒரு பாதுகாப்பைக்கூடப் பிறகு கைவிட்டுவிட்டது.

நம் ஊரில் ஒரே வக்கீல் கட்சிக்காரரைச் சந்தித்து, மனு எழுதி, நீதிமன்றத்திலும் நின்று வாதாடுகிறார். இங்கிலாந்தில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரோடு அன்றாடம் பழகி, கடிதப் போக்குவரத்து நடத்தி, ஆவணங்களைத் திரட்டுபவர் சாலிசிட்டர். சட்டக் கருத்துச் சொல்லவும் மன்றத்தில் எழுந்து பேசவும் அழைக்கப்படுபவர் பாரிஸ்டர். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு பழைய சங்கங்களில் ஒன்றில் சேர்ந்துதான் யாரும் பாரிஸ்டர் ஆக முடியும். காந்தி படித்தது இன்னர் டெம்பிளில். பாரிஸ்டர்கள் பெரும்பாலும் ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்வதில்லை. சேம்பர்ஸ் என்ற பொது அலுவலகத்தில் வாடகையையும் எழுத்தர்களையும் பகிர்ந்துகொண்டு, அவரவர் தொழிலைத் தனித்தனியே நடத்துகிறார்கள். வாடகை வண்டி நிறுத்தத்தில் முதலில் நிற்கும் வண்டிக்காரர் வரும் சவாரியை மறுக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்தின் பெயரால் அவர்களுக்கு ஒரு விதி உண்டு: தன் துறையில், தனக்கு நேரமிருந்து, உரிய கட்டணமும் கிடைத்தால், கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக வழக்கைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதனால் இன்று பாடகருக்காக நிற்பவர், அடுத்த மாதம் திவாலான கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் லிக்விடேட்டருக்காக நிற்பார். இந்தத் துறைகளில் இது பெரிய பலம். எதிர்த்தரப்பு எங்கே கைவைக்கும் என்பது, எதிர்த்தரப்பில் நின்று பழகியவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

வாதத்தின் மையத்தில் இருப்பது மிக எளிமையான ஒரு வேறுபாடு: சொத்து வேறு, வாக்கு வேறு. தென்னந்தோப்பை ஒருவருக்கு விற்றுவிட்டு, ஆண்டுதோறும் காயில் பத்தில் ஒரு பங்கு தருவேன் என்று அவர் எழுதிக்கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வது ஒரு வகை. தோப்பைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு குத்தகைக்கு விடுவது இன்னொரு வகை. மழை நன்றாகப் பெய்து, வாங்கியவரும் நாணயமாக இருக்கும்வரை இரண்டிலும் வீட்டுக்கு வரும் காய் ஒன்றுதான். வாங்கியவர் நொடித்துப்போய்த் தோப்பு ஏலத்துக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். குத்தகைக்கு விட்டவர் தோப்பைத் திரும்பப் பெறுவார். விற்றவர் கையில் மிஞ்சுவது ஒரு தாள். பாட்டும் புத்தகமும் படமும் இப்படித்தான். பதிப்புரிமையை முழுதாக எழுதிக்கொடுத்து ராயல்டி வாக்கை வாங்கிக்கொண்டவர், கடன் கொடுத்தவர்கள் வரிசையில் ஓர் ஆள். பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுத்தவர், தன் சொத்துக்கு உரிமையாளர்.

பொழுதுபோக்குச் சட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் வழக்குகள் வேறு வகையானவை. 1966-இல் டோனி மெக்காலே என்ற 21 வயது இளைஞர் ஷ்ரோடர் என்ற இசைப் பதிப்பகத்தின் அச்சிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவர் பெயர் வெளியே தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்கு அவர் எழுதும் எல்லாப் பாட்டும் பதிப்பகத்துக்கே சொந்தம். ராயல்டி 5,000 பவுண்டைத் தாண்டினால் ஒப்பந்தம் தானாக இன்னும் ஐந்து ஆண்டு நீளும். முன்பணம் 50 பவுண்டு. பதிப்பகம் ஒரு மாத நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம், அவர் விலக முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவர் எழுதித் தரும் பாட்டில் ஒன்றையாவது வெளியிட்டாக வேண்டும் என்ற கடமை பதிப்பகத்துக்கு இல்லை. 1974-இல், அப்போது அந்நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, இந்த ஒப்பந்தம் நியாயமற்ற தொழில் தடை என்று சொல்லித் தள்ளிவிட்டது. அதன் பிறகு இங்கிலாந்தின் இசைத் துறையில், கலைஞர் கையெழுத்திடும் முன் தனி வக்கீலின் ஆலோசனை பெற்றாரா என்று கம்பெனிகளே கேட்கத் தொடங்கின. எல்லா வழக்கிலும் கலைஞர் வென்றுவிடவில்லை. 1994-இல் சோனிக்கு எதிராக ஜார்ஜ் மைக்கேல் இதே வாதத்தை வைத்துத் தோற்றார். அனுபவமுள்ள ஆலோசகர்கள் பக்கத்தில் இருக்க, ஒப்பந்தத்தைத் திருத்தி மறுபடி பேசிக்கொண்ட பெரிய நட்சத்திரத்துக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. முக்கியமான வழக்குகள்தான் இவை. ஆனால் இரண்டிலும் எதிரில் நின்ற கம்பெனி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. வென்றவருக்குக் கொடுக்க அதனிடம் பணம் இருந்தது.

அப்படி இல்லாத வழக்கு, 1919-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த பார்க்கர் எதிர் ஸ்டிக்னி. நூலாசிரியர் ஒருவர் ராயல்டிக்கு ஒப்புக்கொண்டு தன் பதிப்புரிமையை ஒரு கம்பெனிக்கு முழுதாக எழுதிக்கொடுத்தார். கம்பெனி நொடித்தது. அதற்குக் கடன் கொடுத்தவர்கள் சார்பில் வந்த ரிசீவர் அந்தப் பதிப்புரிமையை மூன்றாமவர் ஒருவருக்கு விற்றார். ஆசிரியருக்கு ராயல்டி தர வேண்டும் என்ற ஏற்பாடு வாங்கியவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வாங்கியவர் ராயல்டி தர வேண்டாமா? வேண்டாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ராயல்டி தருவதாக வாக்குக் கொடுத்தது பழைய கம்பெனி. வாங்கியவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆசிரியர் தன் பதிப்புரிமையின் மீது எந்த அடமானமும் எழுதி வாங்கவில்லை. ஆகவே புத்தகம் தொடர்ந்து விற்கும், வாங்கியவருக்கு லாபம் வரும், எழுதியவருக்கு ஒன்றுமில்லை. சட்ட தர்க்கப்படி இந்தத் தீர்ப்பில் ஓட்டை கிடையாது. நியாயம் என்று எவரும் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதே என் எண்ணம். தீர்ப்பு வந்து நூறாண்டு கடந்தும், ராயல்டிக்காகப் பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பவர் ஒவ்வொருவர் மேலும் அதன் நிழல் விழுந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆபத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் அறியாமல் இல்லை. 1914-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. பதிப்பாளர் திவாலானால், அவருடைய சொத்தை ஏற்று நடத்தும் அறங்காவலர் அந்தப் புத்தகத்தின் பிரதிகளை விற்கலாம். ஆனால் பழைய பதிப்பாளர் தந்திருக்க வேண்டிய ராயல்டியை ஆசிரியருக்குக் கொடுத்துத்தான் விற்க வேண்டும். பதிப்புரிமையை வேறொருவருக்கு மாற்ற வேண்டுமானால் ஆசிரியர் அல்லது நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால், பழைய விகிதத்துக்குக் குறையாத ராயல்டியை உறுதிசெய்த பிறகே மாற்றலாம். அருமையான பிரிவு. ஆனால் அது தனிநபர் திவாலுக்கு எழுதப்பட்டது. கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டவர்கள் அதன் பிடிக்கு வெளியே நின்றார்கள். பார்க்கர் வழக்கில் ஆசிரியர் ஏமாந்தது அந்த இடைவெளியில்தான். பதிப்பகமும் இசைத்தட்டுத் தொழிலும் மொத்தமாகக் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு அந்தப் பிரிவை விரிவாக்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1980-களின் நடுவில் திவால் சட்டம் முழுதாகத் திருத்தி எழுதப்பட்டபோது பழைய சட்டத்தோடு அந்தப் பிரிவும் போனது. 1986-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் அதற்கு வாரிசு கிடையாது.

திவாலான கம்பெனியில் கலைஞர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ராயல்டிக் கணக்கு வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடிக்கப்படும். கணக்கு முடிந்து 90 நாள் வரை பணம் தர அவகாசம் எடுத்துக்கொள்வதும் சாதாரணம். ஜனவரி முதல் வாரத்தில் விற்ற ஓர் இசைத்தட்டுக்கான பணம் செப்டம்பர் கடைசியில் கலைஞர் கைக்கு வரும். ஒன்பது மாதம் அது கம்பெனியின் வங்கிக் கணக்கில், கம்பெனியின் பணமாகவே இருக்கும். அதாவது கலைஞர் தாமறியாமலே வட்டியில்லாக் கடன் கொடுத்தவர். கம்பெனி விழுந்ததும் வரிசை தொடங்குகிறது. குறிப்பிட்ட சொத்தின் மேல் அடமானம் வாங்கிய வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு கலைப்பு நடத்தும் செலவு. பிறகு ஊழியர்களின் சம்பள பாக்கியில் ஒரு வரம்புவரை. 2020 டிசம்பரிலிருந்து, கம்பெனி வசூலித்துக் கட்டாமல் வைத்திருந்த வாட் வரிக்காக அரசும் முன்வரிசைக்கு வந்துவிட்டது. கம்பெனியின் மொத்தச் சொத்தின் மேலும் பொதுவாக அடமானம் வாங்கியவருக்குப் போகும் தொகையிலிருந்து ஒரு பகுதியை, அதிகபட்சம் 8 லட்சம் பவுண்டுவரை, பாதுகாப்பில்லாத கடன்காரர்களுக்காக ஒதுக்கச் சட்டம் சொல்கிறது. கலைஞர் நிற்பது அங்கேதான். அச்சகம், விளம்பரக்காரர், தொலைபேசிக் கம்பெனி, ஸ்டேஷனரிக் கடைக்காரர் எல்லோரும் கூடவே நிற்கிறார்கள். கடன் நிரூபணப் படிவத்தில் தன் பெயரையும் தொகையையும் எழுதி அனுப்பிவிட்டு, பவுண்டுக்கு எத்தனை பென்ஸ் வருமோ என்று காத்திருக்க வேண்டும். பல நேரம் ஒன்றும் வராது.

உரிமையைக் கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் கதையைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 1978-இல் டோனி வில்சன் என்ற தொலைக்காட்சிக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய சிறிய கம்பெனி அது. ஜாய் டிவிஷன் என்ற குழுவும், அதன் பாடகர் இயன் கர்டிஸ் 1980-இல் இறந்தபின் மிச்சமிருந்தவர்கள் தொடர்ந்த நியூ ஆர்டர் குழுவும் அதன் உயிர்நாடி. பொதுவாகப் பதிவுக்கு ஏற்பாடு செய்து பணம் போட்டவருக்கே ஒலிப்பதிவின் உரிமை போகும். ஆனால் ஃபேக்டரி தொடங்கிய காலத்தில் எழுதப்பட்ட ஒரு சிறு காகிதம், எல்லாம் இசைக்கலைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு ஒன்றும் சொந்தமில்லை, குழுக்கள் விரும்பினால் விலகிப் போகலாம் என்று சொன்னது. வழவழவென்ற சட்ட வாசகம் எதுவும் அதில் இல்லை. பத்தாண்டு கழித்து ஃபேக்டரி தடுமாறத் தொடங்கியது. சார்லஸ் தெருவில் ஆடம்பரமான அலுவலகக் கட்டடம், மந்தநிலையில் சரிந்த சொத்து விலை, பார்படோஸ் தீவுக்குப் போய்ப் பணத்தைக் கரைத்துவிட்டு வந்த ஹேப்பி மண்டேஸ் குழுவின் ஒலிப்பதிவு என்று கடன் ஏறிக்கொண்டே போனது. லண்டன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியை வாங்க முன்வந்தது. வாங்குபவர் கண் எல்லாம் ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் ஒலிப்பதிவுகள் மேல். விலைக்கு வந்த கம்பெனியிடம் அவை இல்லை என்று அந்தக் காகிதம் சொன்னது. பேரம் உடைந்தது. 1992 நவம்பரில் ஃபேக்டரி விழுந்தது. லண்டன் ரெக்கார்ட்ஸ் நியூ ஆர்டரோடு நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. 1993-இல் அவர்களுடைய அடுத்த இசைத்தொகுப்பு அங்கிருந்து வெளிவந்தது.

இந்தக் கதையை டோனி வில்சனின் தாராள மனசுக்குச் சாட்சியாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அதில் தெரிவது வேறு. நியூ ஆர்டருக்கு ஃபேக்டரி தர வேண்டிய பழைய பாக்கி வேறு கணக்கு. அதற்கு அவர்களும் மற்றவர்களைப் போல வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் இனி வரப்போகும் வருமானம் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. ராயல்டி விகிதம் இரண்டு மடங்காக இருந்திருந்தாலும் இந்த நிலை அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அதே நேரம், இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஒலிப்பதிவுகள் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்திருந்தால் விற்பனை நடந்திருக்கும், மற்றக் கடன்காரர்களுக்கு ஏதாவது கிடைத்திருக்கும், ஊழியர்களில் சிலராவது வேலையில் இருந்திருப்பார்கள். ஒரு கலைஞரின் பாதுகாப்புக்கு இன்னொரு உழைப்பாளி விலை கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

அதற்குமுன் இன்னொரு வகை இழப்பையும் பார்த்துவிட வேண்டும். பணம் கம்பெனியின் வருமானமே இல்லாமல், வேறொருவருக்காக அது கையில் வாங்கி வைத்திருக்கும் பணமாக இருந்தால்? பிளெட்ஜ்மியூசிக் என்ற இணையவழி நிறுவனம் ரசிகர்களிடம் முன்பணம் வசூலித்து, அதிலிருந்து கமிஷன் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இசைக்கலைஞர்களுக்குக் கொடுத்துவந்தது. 2018-இலிருந்து கலைஞர்களுக்குப் பணம் போவது தாமதமாகத் தொடங்கியது. 2019 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. ரசிகர்கள் கட்டிய பணம் தனி டிரஸ்ட் கணக்கில் பிரித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே இசைத்தொகுப்பைத் தயாரித்து முடித்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்த கலைஞர்கள் கடன்காரர் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். இதைத் தடுக்கும் வழி நெடுங்காலமாகவே சட்டத்தில் இருக்கிறது. 1970-களில் தீர்ப்பான கேஃபோர்ட் வழக்கில், தபால்வழி வியாபாரம் செய்த ஒரு கம்பெனி தான் மூழ்கப்போவதை உணர்ந்ததும், வாடிக்கையாளர்களின் முன்பணத்தைத் தனியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வைத்தது. புதிய கணக்குக்கூடத் திறக்கவில்லை. கம்பெனியின் பெயரில் முடங்கிக்கிடந்த ஒரு கணக்கைப் பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பணம் வாடிக்கையாளர்களுக்காக வைத்த டிரஸ்ட், அது கம்பெனியின் சொத்தே இல்லை, முழுதாகத் திருப்பிக் கொடுங்கள் என்றார் நீதிபதி மெகாரி. ஒரு தனிக் கணக்கும் தெளிவான ஓர் எண்ணமும் போதும். இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கத் தெரிந்த வக்கீல் கலைஞர் பக்கத்தில் இருந்தால், ராயல்டியில் இரண்டு விழுக்காடு கூட்டி வாங்குபவரைவிட அவர் பெரிய உதவி செய்தவர்.

மூழ்கும் கம்பெனியிடமிருந்து மட்டுமல்ல, மூழ்கடிக்கப் பார்க்கும் கடன்காரரிடமிருந்தும் கலைஞரைக் காக்க வேண்டியிருக்கும். இசைக்குழுக்கள் பெரும்பாலும் சுற்றுப்பயணத்துக்கென்றே ஒரு கம்பெனி வைத்திருப்பார்கள். 750 பவுண்டுக்கு மேல் பாக்கி என்று சொல்லி, சட்டபூர்வக் கோரிக்கை அனுப்பி, 21 நாளில் பணம் வராவிட்டால், அந்தக் கம்பெனியைக் கலைக்க மனு போடலாம். மனு அரசிதழில் விளம்பரமானதும் வங்கி கணக்கை முடக்கிவிடும். பின்னால் கலைப்பு உத்தரவு வந்தால் இடையில் வெளியே போன பணம் செல்லாது என்பது சட்டம், அதனால் வங்கி துணியாது. கணக்கு முடங்கினால் லாரி வாடகை இல்லை, ஒலிபெருக்கிக்காரருக்குக் கூலி இல்லை, நாளைய ஊரின் கச்சேரி இல்லை. பாக்கி உண்மையிலேயே தகராறுக்குரியது என்றால், விளம்பரம் வருவதற்குள் தடையாணை வாங்க வேண்டும். கையில் இருப்பது சில நாட்கள். ஃபெட்டர் லேனில் உள்ள ரோல்ஸ் கட்டடத்தில் வணிக நீதிமன்றமும், திவால் வழக்குகளும், பதிப்புரிமை வழக்குகளும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அங்கே கலைப்பு மனுக்கள் பட்டியலிடப்படும் நாளில் ஒவ்வொரு மனுவும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துபோகும். மனுதாரரின் பாரிஸ்டர் எழுந்து, ஆதரித்தோ எதிர்த்தோ வேறு யாரும் வரவில்லை, வழக்கமான உத்தரவு வேண்டும் என்பார், உத்தரவு வரும், அடுத்த கம்பெனி. அந்த வேகத்தில் ஒரு தகராறு உண்மையானது என்று நீதிபதிக்குப் புரியவைக்க, சுற்றுப்பயண ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும், திவால் விதிகளும் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தவருக்கு அந்த நிமிடங்கள் போதாது.

இனி மறுப்புகள். முதலாவது, பெரும்பாலான கம்பெனிகள் திவாலாவதில்லை, நடக்காத விபத்துக்காக நல்ல விழுக்காட்டை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது. பாடலின் ஆயுளைக் கணக்கில் எடுத்தால் இந்த வாதம் நிற்காது. இங்கிலாந்தில் பாட்டின் பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கிறது. இருபது வயதில் எழுதிய பாட்டு நூறாண்டுக்கு மேலும் சம்பாதிக்கலாம். அவ்வளவு காலமும் ஒரே கம்பெனி நொடிக்காமல், கைமாறாமல் நிற்கும் என்று நம்பி உரிமையை எழுதிக்கொடுப்பது சரியான கணிப்பாகாது. இன்னொன்று, விழுக்காட்டையும் உரிமையையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்க வேண்டியதும் இல்லை. உரிமை எங்கே என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொண்டு பிறகு விழுக்காட்டைப் பேசலாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஃபேக்டரி கதையிலேயே அது எழுந்தது. காகிதம் கொடுத்த அச்சகத்தைவிடக் கவிஞர் எந்த விதத்தில் உயர்ந்தவர்? பழைய பாக்கியைப் பொறுத்தவரை, உயர்ந்தவர் அல்ல. ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்கான ராயல்டி பாக்கியும் அச்சுக்கூலி பாக்கியும் ஒரே தன்மையுள்ள கடன்கள். இரண்டுக்கும் ஒரே வரிசை. ஆனால் திவாலுக்குப் பிறகு விற்கும் பிரதிகள் வேறு விஷயம். அச்சகம் கொடுத்த காகிதம் தீர்ந்துவிட்டது, பாட்டு தீரவில்லை. லிக்விடேட்டரோ அவரிடம் வாங்கியவரோ அடுத்த ஆண்டு புதிதாக ஆயிரம் தட்டு அடிக்க வேண்டுமானால் காகிதத்துக்குப் புதிதாகப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பாட்டுக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டாம்? 1914-ஆம் ஆண்டுப் பிரிவு சரியாக இந்த இடத்தில்தான் கோடு போட்டது. பழையதை வரிசைக்கு விட்டது, இனி வருவதற்கு விலை கேட்டது. அது சலுகை ஆகாது.

கடன் தருபவர்கள் பின்வாங்குவார்கள் என்ற மூன்றாவது மறுப்பை வங்கி வக்கீல்கள் சொல்வார்கள். பாட்டுகளை ஈடாக வைத்துப் பெரும் பணம் புரள்வது உண்மைதான். 1997-இல் டேவிட் போவியின் வருங்கால ராயல்டியை ஈடாக வைத்து 5.5 கோடி டாலருக்குப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. ஆனால் எந்தக் கடன்காரரும் ஒரு பாட்டுத் தொகுப்பை மதிப்பிடும்போது, எழுதியவருக்குத் தர வேண்டிய ராயல்டியைக் கழித்துத்தான் மதிப்பிடுகிறார். கம்பெனி உயிரோடு இருக்கும்வரை அந்தச் செலவு உண்டு என்று அவருக்குத் தெரியும். கம்பெனி செத்ததும் அந்தச் செலவு மறைந்துபோவது, அவர் பணம் கொடுத்து வாங்காத ஓர் ஆதாயம். அதை எடுத்துவிட்டால் அவருக்கு நட்டமில்லை. வாங்குபவர்கள் பலர் நற்பெயருக்காகத் தாமே ராயல்டி கொடுக்கிறார்களே என்றும் சொல்லலாம். உண்மை; அடுத்த இசைத்தொகுப்பும் வேண்டும் என்று நினைக்கும் நட்சத்திரங்களுக்குக் கொடுப்பார்கள். ஒரே ஒரு பாட்டு எழுதிவிட்டு ஒதுங்கிப்போனவருக்கு யார் கொடுப்பார்கள்?

சட்டம் வேண்டாம், ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் போதும் என்பது கடைசி மறுப்பு. மூன்று துறைகளும் ஒன்றாக முடிச்சுப்படும் இடம் இதுதான். கம்பெனி திவாலானால் பதிப்புரிமை எனக்கே திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. திவாலாகும் நேரத்தில் ஒருவரின் சொத்தைக் கடன்காரர்களுக்கு எட்டாமல் உருவிக்கொள்ளும் ஏற்பாடு செல்லாது என்பது பழைய கொள்கை. 1873-இல் வந்த மெக்கே வழக்கே ஒரு காப்புரிமையின் ராயல்டியைப் பற்றியதுதான்: திவாலானால் கூடுதல் ராயல்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கடன் கொடுத்தவர் எழுதி வாங்கியிருந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011-இல் லேமன் பிரதர்ஸ் வங்கியின் வீழ்ச்சியிலிருந்து கிளம்பிய வழக்கில் உச்ச நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு செய்த வணிக ஏற்பாடுகளுக்குக் கொஞ்சம் இடம் விட்டது. ஆனால் கொள்கை அப்படியே நிற்கிறது. 2020-இல் வந்த சட்டமோ, வாடிக்கையாளர் திவாலானார் என்ற காரணத்துக்காகச் சரக்கோ சேவையோ தருபவர் ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. பதிப்புரிமை அனுமதியும் அதில் அடங்குமா என்று வாதாட இடமிருக்கிறது. இதற்கு மாற்றாக, கணக்குக் காட்டத் தவறினால், நோட்டீஸ் கொடுத்தும் சரிசெய்யாவிட்டால், உரிமை தானாகத் திரும்பும் என்று எழுதினால்? 2010-இல் கிராஸ்டவுன் எதிர் ரிவ் ட்ருவாட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட பிரிவு செல்லும், பின்னால் வாங்கியவரையும் அது கட்டும் என்றது. திவாலானால் என்று எழுதுவதற்கும் கணக்குக் காட்டாவிட்டால் என்று எழுதுவதற்கும் நடுவில்தான் ஒரு பாட்டாசிரியரின் வாழ்நாள் வருமானம் கிடக்கிறது. இந்த நுட்பத்தை 21 வயதில் முதல் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போகும் ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. அந்நாட்டு இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்து ஆலோசனை சொல்கிறது. அது பெரிய உதவி. சங்கத்தில் சேராதவர்களும், கையெழுத்திட்டுவிட்டு வந்தவர்களும்தான் அதிகம்.

இந்தச் சட்டக் குடும்பத்தின் ஒரு கிளை சென்னையிலும் இருக்கிறது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களுக்காக ஆங்கிலேயர் 1909-இல் கொண்டுவந்த திவால் சட்டத்தின்படி, திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் அபிஷியல் அசைனி என்ற அதிகாரி இன்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் உண்டு. 2024-இல் ‘தங்கலான்’, ‘கங்குவா’ ஆகிய படங்கள் வெளியாகும் முன், தயாரிப்பு நிறுவனம் தலா 1 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திவாலாகி இறந்துபோன ஒருவர் அந்நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த பணத்தை, அவர் சொத்தை நிர்வகித்த அபிஷியல் அசைனி கேட்டிருந்தார். வெளியீட்டு நாளில் படம் நின்றால் கொடுத்த பணத்தைவிடப் பெரிய இழப்பு வரும் என்பதால், கடன் வசூலிக்க அதைவிடக் கூர்மையான நேரம் இல்லை. கடன் கொடுத்தவருக்கு அப்படி ஒரு பிடி இருக்கிறது. பாட்டெழுதியவருக்கு? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, படத்தில் இடம்பெறும் பாடலின் கவிஞரும் இசையமைப்பாளரும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கப்பட்டது. கையெழுத்திட்டாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல் சட்டமே உரிமையைக் கலைஞரோடு சேர்த்துத் தைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பிள்ளை தாயைவிட முன்னால் போயிருக்கிறது.

லண்டனில் செய்ய வேண்டியதும் கடினமில்லை. 1914-ஆம் ஆண்டின் 60-ஆம் பிரிவை 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவரலாம். தனிநபரோடு கம்பெனியையும், லிக்விடேட்டரோடு ரிசீவரையும், நொடித்த கம்பெனியை ஏற்று நடத்தும் நிர்வாகியையும் அதில் சேர்க்கலாம். புத்தகத்தோடு பாட்டையும் ஒலிப்பதிவையும் படத்தையும் பெயர் சொல்லி எழுதலாம். பாக்கியில் முன்னுரிமை கேட்க வேண்டாம். திவாலுக்குப் பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும், ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும் பழைய விகிதத்திலேயே ராயல்டி, வாங்கியவர் யாராக இருந்தாலும், அவ்வளவுதான். பார்க்கர் வழக்கில் அந்தப் புத்தகத்தை எழுதியவர் கேட்டதும் அதற்குமேல் ஒன்றுமில்லை.